பேசிய வாடகையும் ஏறிய டீசலும்

2022 மார்ச் 21, திங்கட்கிழமை. திருநாகேசுவரத்தில் ராகுப் பெயர்ச்சிக்குக் கூடிய கூட்டத்தில் நிறுத்த இடம் கிடைக்காமல், வண்டியை வெகுதூரம் தள்ளி ஒரு வாய்க்கால் கரையில் விட்டுவிட்டு, அன்றைய பார்ட்டி தரிசனம் முடித்துத் திரும்புவதற்காக மாலைவரை காத்திருந்தேன். எங்கள் வாடகைக் கார் தொழிலில் வாடிக்கையாளரைப் பார்ட்டி என்றே சொல்வோம்; அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அவர்களைக் கும்பகோணத்தில் விடுதியில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் பங்க்கில் கூட்டமாக இருந்தது. டேங்கில் கால் பங்கு டீசல் இருந்ததால், நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். மறுநாள் காலை டீசல் 76 காசு ஏறியிருந்தது.

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2021 நவம்பர் 4 முதல் 137 நாட்கள் விலை அசையாமல் இருந்தது. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்து, கச்சா எண்ணெய் பீப்பாய் 130 டாலரைத் தாண்டியிருந்த நேரம் அது; ஐந்து மாநிலத் தேர்தல் முடிவுகளும் மார்ச் 10-ஆம் தேதியே வந்துவிட்டன. ஆகவே ஏறும் என்பது ஸ்டாண்டில் இருந்த அனைவருக்கும் தெரியும். எப்படி ஏறும் என்பதுதான் தெரியாது. ஒரே நாளில் பத்து ரூபாய் ஏறியிருந்தால் ஊரே பேசியிருக்கும், நாங்களும் அன்றைக்கே வாடகையை மாற்றியிருப்போம். காசு காசாக, 16 நாட்களில் 14 முறை ஏறியதால், எந்த நாளில் பார்ட்டிக்குப் போன் செய்து கூடுதலாகக் கேட்பது என்று எங்களுக்கே புரியவில்லை. சென்னை விலையில் சொன்னால், 91 ரூபாய் 43 காசாக இருந்த டீசல் ஏப்ரல் 6 அன்று 100 ரூபாய் 94 காசு. எங்கள் ஊரில் அதைவிடச் சில காசுகள் கூடுதலாக இருக்கும்.

நான் கும்பகோணத்தில் சொந்தமாக ஒரு டீசல் எட்டியோஸ் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். பெரும்பாலும் நவக்கிரகச் சுற்றுதான். திங்களூர், ஆலங்குடி, திருநாகேசுவரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீசுவரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு என்று ஒன்பதையும் ஒரே நாளில் காட்டிக் கொண்டுவந்து விட்டால் மீட்டர் ஏறத்தாழ 270 கிலோமீட்டர் காட்டும். கிராமத்துச் சாலைகள், வேகத்தடைகள், திருவிழா நெரிசல், இடைவிடாத ஏசி எல்லாம் சேர்ந்து என் வண்டி லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கிறது. அதாவது ஒரு சுற்றுக்கு 15 லிட்டர். இந்த 15 என்ற எண்ணை வைத்துத்தான் நான் இந்தத் தொழிலையே புரிந்துகொண்டேன். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின என்பது வெட்கத்துக்குரிய விஷயம்.

அந்த மார்ச் மாதத்தில் என் கையில் 11 முன்பதிவுகள் இருந்தன. ராகு–கேதுப் பெயர்ச்சி முடிந்து ஏப்ரல் 14 அன்று குருப் பெயர்ச்சி வரவிருந்ததால், ஹைதராபாத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிப்ரவரி மாதமே போனில் பேசி முன்பணம் அனுப்பியிருந்தார்கள். டீசல், டிரைவர் பேட்டா, பார்க்கிங் எல்லாம் உள்ளடங்கிய வாடகையாக 3,800 ரூபாய் பேசியிருந்தேன். பேசிய பிறகு மாற்றிக் கேட்பது எங்கள் ஊரில் பெரிய கௌரவக் குறைச்சல். ஒருவரிடம் மட்டும், விலை ஏறத் தொடங்கிய மூன்றாவது வாரத்தில், தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர், “தம்பி, நான் ரயில் டிக்கெட்டையும் பிப்ரவரியிலேயே எடுத்தேன், ரயில்வே என்னிடம் கூடக் கேட்கவில்லையே” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

பதினொரு சுற்றுகளும் முடிந்த பிறகு என் மனைவி கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தார். டீசலுக்காகக் கூடுதலாகச் செலவானது ஏறத்தாழ 1,100 ரூபாய். கேட்பவர்கள், இவ்வளவுதானா என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் அடுத்த வரியை எழுதிக் காட்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது. பழைய விலையில் ஒரு சுற்றுக்கு டீசல் 1,371 ரூபாய். காரைக்காலில் போட்டால் குறையும், அந்தக் கதை தனி, பின்னால் சொல்கிறேன். சாப்பாடு 200, பார்க்கிங்கும் சில்லறைச் செலவும் 200, சவாரி பிடித்துக் கொடுத்த விடுதிக்குக் கமிஷன் 400. டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ், எஃப்.சி. என்ற வண்டித் தகுதிச் சான்று, என்றாவது ஒருநாள் வாங்க வேண்டிய அடுத்த வண்டி ஆகியவற்றுக்காகக் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் வீதம் 810 ரூபாய் ஒதுக்க வேண்டும். எல்லாம் போக, விடியற்காலை முதல் இரவு வரை ஓட்டியதற்கு என் கூலி 819 ரூபாய். டீசல் உச்சத்துக்குப் போனபோது ஒரு சுற்றுக்கு 143 ரூபாய் கூடியது. அது வாடகையிலிருந்து போகவில்லை, கமிஷனிலிருந்தும் போகவில்லை. நேராக அந்த 819-இலிருந்து போனது. டீசல் ஏறியது நூற்றுக்குப் பத்து. என் கூலி இறங்கியது நூற்றுக்குப் பதினேழு.

செய்தித்தாளில் வரும் விலைக்கும் ஓட்டுநரின் வீட்டில் உணரப்படும் விலைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்ற செலவுகள் எல்லாம் தங்கள் பங்கை முதலில் எடுத்துக்கொண்டுவிடுகின்றன. கடைசியாக நிற்பவன் ஓட்டுநர், ஆகவே ஏற்றம் முழுவதும் அவன் பங்கின்மேல் விழுகிறது.

என் நோட்டுப் பழக்கம் அதற்கு முன் இப்படி ஒழுங்காக இருந்ததில்லை. 2013-இன் தொடக்கத்தில் நான் இந்த வண்டியை எடுத்தபோது டீசல் 50 ரூபாயை ஒட்டியும் பெட்ரோல் 70 ரூபாயை ஒட்டியும் இருந்தன. இருபது ரூபாய் வித்தியாசம் இருக்கும்போது பெட்ரோல் வண்டி எடுப்பவன் பைத்தியக்காரன் என்று ஸ்டாண்டில் எல்லோரும் சொன்னார்கள். டீசல் வண்டிக்குக் கூடுதலாக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கடன் வாங்கி, ஐந்து வருடம் டியூ கட்டினேன். ஆனால் அதே 2013 ஜனவரியில்தான் டீசலை மாதம் 50 காசு வீதம் ஏற்றிக்கொள்ள அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கு அனுமதி தந்திருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு முழுவதுமாக நீங்கியது. நான் எந்த இருபது ரூபாயை நம்பிக் கடன் வாங்கினேனோ, அந்த இருபது ரூபாயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழிப்பது என்று நான் வண்டியை எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது. 2022 உச்சத்தில் சென்னையில் பெட்ரோல் 110 ரூபாய் 85 காசு, டீசல் 100 ரூபாய் 94 காசு. வித்தியாசம் பத்து ரூபாய்க்குள் வந்துவிட்டது. டீசல் இன்ஜினின் மைலேஜ் இன்னும் கைகொடுக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அதன் சர்வீஸ் செலவும் கூடுதல். இன்றைக்கு ஒரு தம்பி என்னிடம், எந்த எரிபொருள் வண்டி எடுக்கலாம் அண்ணே என்று கேட்டால், இன்றைய விலை வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்காதே, அந்த வித்தியாசம் பாதியாகிவிட்டாலும் உன்னால் டியூ கட்ட முடியுமா என்று மட்டும் பார் என்று சொல்கிறேன். சி.என்.ஜி. வண்டிக்கும் இதே கேள்வியைத்தான் கேட்கச் சொல்கிறேன்.

விலை இறங்கிய காலங்களையும் பார்த்திருக்கிறேன். அவற்றிலிருந்து கற்றது வேறு வகை. 2014-இன் நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் முப்பது டாலருக்கும் கீழே போனது. பங்க்கில் டீசல் அந்த அளவுக்கு இறங்கவில்லை. அந்த இடைவெளியில் மத்திய அரசு கலால் வரியை ஒன்பது முறை உயர்த்தி, டீசலில் மட்டும் லிட்டருக்கு 13 ரூபாய் 47 காசு சேர்த்துக்கொண்டது. ஆனால் பார்ட்டிகள் படித்தது கச்சா எண்ணெய்ச் செய்தியை. உலகத்தில் பாதி விலைக்கு மேல் குறைந்துவிட்டது, நீங்கள் ஏன் வாடகையைக் குறைக்கவில்லை என்று கேட்டபோது, சில நாட்கள் நானும் வாயடைத்துப்போய்க் குறைத்தேன். பங்க்கில் எனக்குக் குறையாத தொகையை நான் பார்ட்டிக்குக் குறைத்துக் கொடுத்த மாதங்கள் அவை. கொரோனா காலத்தில் இது இன்னும் அப்பட்டமாக நடந்தது. 2020 ஏப்ரலில் கச்சா எண்ணெய் இருபது டாலர் அளவுக்கு விழுந்தது. மே மாதத் தொடக்கத்தில் தமிழக அரசு டீசல் வரியை உயர்த்தியதால் இரண்டரை ரூபாய் ஏறியது. அடுத்த சில நாட்களிலேயே மத்திய அரசு லிட்டருக்கு 13 ரூபாய் கலால் வரியை உயர்த்தியது. கோயில்கள் பூட்டிக்கிடந்தன, வண்டி கொட்டகையில் நின்றது. ஓடாத வண்டிக்கு டீசல் என்ன விலை விற்றால் என்ன என்று இருந்துவிட்டேன். செப்டம்பரில் கோயில்கள் திறந்து முதல் சவாரிக்குப் போன் வந்தபோது, பழக்கத்தில் பிப்ரவரி மாத வாடகையையே சொல்லிவிட்டேன். மார்ச்சில் 65 ரூபாய் 71 காசாக இருந்த டீசல் அப்போது 79 ரூபாயை நெருங்கியிருந்தது. நான் கவனிக்காமல் விட்ட ஆறு மாதத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாய் கைநழுவியிருந்தது.

இதை எழுதும்போது மற்ற ஓட்டுநர்களையும் நினைக்க வேண்டியிருக்கிறது. என்னாலாவது வாடகையைப் பேச முடிகிறது. எங்கள் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஷேர் ஆட்டோ ஓட்டும் நண்பர் ஒருவருக்குக் கட்டணம் என்பது பத்து ரூபாய் நாணயம். எரிபொருள் காசுக்கணக்கில் ஏறுகிறது, அவருடைய கட்டணமோ நாணயக்கணக்கில்தான் ஏற முடியும். பத்துக்கு அடுத்து பதினொன்று கிடையாது, பதினைந்துதான். பதினைந்து என்றதும் பயணிகள் மினி பஸ்ஸுக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே அவர் பத்து ரூபாயிலேயே நின்றுகொண்டு, ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் இன்னொருவரை உட்கார வைத்தார். அது சட்டப்படி தவறு, ஆபத்தும்கூட. அவருக்கும் அது தெரியும். சென்னையில் அரசு நிர்ணயித்த ஆட்டோ மீட்டர் கட்டணத்தின் கதையும் ஏறத்தாழ இதுதான். 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று வைத்தபோது பெட்ரோல் எழுபது ரூபாய்களில் இருந்தது. பெட்ரோல் 110 ரூபாயைத் தாண்டிய 2022-இலும் அதே 25, அதே 12. மீட்டர் போடாத ஓட்டுநர்களைத் திட்டுவது எளிது, நானும் சென்னை போனால் திட்டுகிறேன், ஆனால் அந்தக் கட்டணத்தை மாற்றாமல் விட்டவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இனி காரைக்கால். திருநள்ளாறு புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்தது. அங்கே வரி குறைவு என்பதால் டீசலும் குறைவு. 2021 நவம்பரில் மத்திய அரசு டீசலுக்குப் பத்து ரூபாய் கலால் வரியைக் குறைத்தபோது, புதுச்சேரி தன் பங்குக்கு மேலும் ஏழு ரூபாய் குறைத்தது. தமிழ்நாடு அப்போது டீசல் வரியைக் குறைக்கவில்லை. அன்றிலிருந்து எல்லையின் இரண்டு பக்கத்துக்கும் லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் வித்தியாசம் இருந்தது. நவக்கிரகச் சுற்று ஓட்டுபவர்கள் அனைவரும் திருநள்ளாற்றைக் கடைசியாக வைத்துக்கொண்டு, அங்கே ஃபுல் டேங்க் போட்டுத் திரும்புவது வழக்கமாயிற்று. சனீசுவரன் கொடுப்பான் என்று சொல்வதற்கு இதுதான் பொருள் என்று எங்கள் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் கேலியாகச் சொல்வார்.

அந்தக் கொடையை நான் ஒருமுறை பேராசையால் கெடுத்துக்கொண்டேன். 2022 ஏப்ரல் இரண்டாம் வாரம், விலை உச்சத்தில் இருந்த நேரம். எவ்வளவு காலி டேங்கோடு காரைக்காலுக்குள் நுழைகிறேனோ அவ்வளவு லாபம் என்று கணக்குப் போட்டு, காலையில் டீசல் போடாமலே புறப்பட்டேன். வைத்தீசுவரன்கோயிலில் டீசல் குறைவைக் காட்டும் விளக்கு எரிந்தது. கீழப்பெரும்பள்ளத்தில் முள் அடியில் படுத்திருந்தது. திருக்கடையூரில் பங்க்கைத் தாண்டும்போது, இன்னும் இருபது கிலோமீட்டர்தானே, இழுத்துவிடும் என்று நினைத்தேன். பொறையாறுக்குச் சற்று முன்னால், எல்லைக்குப் பக்கத்திலேயே, வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. பெட்ரோல் வண்டி என்றால் பாட்டிலில் கொண்டுவந்து ஊற்றிக் கிளப்பிவிடலாம். டீசல் வண்டி முழுவதுமாக வற்றினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அந்தக் காற்றை ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பை அழுத்தி வெளியேற்றினால்தான் இன்ஜின் பிடிக்கும். நான் அழுத்தினேன், வரவில்லை. ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து, அவருக்கு 600 ரூபாயும், பார்ட்டியை வேறொரு காரில் திருநள்ளாறு அனுப்பி வைத்ததற்கு 700 ரூபாயும் கொடுத்தேன். அந்தக் குடும்பத்தின் பெரியவர் ஏழரைச் சனிக்காக வந்தவர். வழியில் வண்டி நின்றதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்தைந்து லிட்டர் போட்டிருந்தாலும் அன்று எனக்கு மிஞ்சியிருக்கக்கூடியது முன்னூறு ரூபாய்கூட இல்லை.

இப்போது கால் டேங்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை. காரைக்காலுக்குச் சவாரி இருந்தால் அங்கே போடுகிறேன். சவாரி இல்லாமல் டீசலுக்காக மட்டும் போவதில்லை. போய்வர 110 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அதற்கு எரியும் ஆறு லிட்டரைக் கணக்கில் சேர்த்தால் லாபம் எதுவும் இல்லை. ஆனாலும் விலை ஏறிய வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை சும்மா போய் நிரப்பிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குறைந்த விலையில் போட்டோம் என்ற திருப்தி ஒரு தனி வகைச் செலவு.

அளவு பார்க்கும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முன்பு நானும் பெரும்பாலான ஓட்டுநர்களைப் போல ஐந்நூறு ரூபாய்க்குப் போடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ரூபாய்க்கணக்கில் போட்டால் விலை ஏறியதே கைக்குத் தெரியாது. கொடுப்பது அதே ஐந்நூறுதான். ஆனால் 91 ரூபாய் 43 காசில் ஐந்நூறுக்கு ஐந்தரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது, உச்சத்தில் ஐந்து லிட்டர்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒன்பது கிலோமீட்டர் காணாமல் போகிறது, நாம் வண்டிக்கு மைலேஜ் குறைந்துவிட்டது என்று மெக்கானிக்கிடம் போகிறோம். நான் உண்மையிலேயே அந்த ஏப்ரலில் அப்படி ஒருமுறை போய் இன்ஜெக்டரைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, வண்டியில் ஒன்றும் இல்லை, பங்க் போர்டைப் பாருங்கள் என்றார். அதன்பிறகு ஃபுல் டேங்க் போட்டு மீட்டரைக் குறித்து, மறுமுறை ஃபுல் டேங்க் போடும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதுகிறேன். 18 என்ற எண் அப்படித்தான் கிடைத்தது. நான் அதுவரை எல்லோரிடமும் 22 என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அப்படியே நம்பி வாடகையும் பேசிக்கொண்டிருந்தேன்.

எழுதத் தொடங்கியதும் சில சின்னச் சின்ன விஷயங்கள் வெளிப்பட்டன. ஒன்பது கோயில்களிலும் பார்ட்டி உள்ளே போயிருக்கும் நேரத்தில் ஏசியை ஓடவிட்டு வண்டிக்குள் படுத்திருப்பது என் வழக்கம். நின்ற இடத்தில் ஏசியோடு ஓடும் இன்ஜின் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ஒரு சுற்றில் காத்திருக்கும் நேரம் மட்டும் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. அதை நிறுத்திவிட்டு, இப்போது மர நிழல் தேடி நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்கிறேன். பார்ட்டி திரும்பி வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஏசி போட்டால் போதும். இதனால் லிட்டருக்குக் கிடைக்கும் கிலோமீட்டர் 18-ஐத் தாண்டியது. டயரில் காற்றுக் குறையாமல் வாரம் ஒருமுறை பார்ப்பதால் கிடைத்த பயனைத் தனியாக என்னால் அளக்க முடியவில்லை, ஆனால் டயர் கூடுதலாக உழைத்தது. டீசல் ஏற்றம் கிலோமீட்டருக்கு 53 காசு என்றால், நான்கு டயர் தேய்வதும் என் கணக்கில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 50 காசு. வண்டியில் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு செட் டயர் தேய்ந்துகொண்டிருப்பது போலத்தான் அந்த ஏற்றம். வேகத்தைக் குறைத்தால் மிச்சம் என்பார்கள். எங்கள் சாலைகளில் குறைப்பதற்கு வேகம் எதுவும் இல்லை.

எல்லாவற்றையும்விட மாற்றத்தைத் தந்தது வாடகை பேசும் முறைதான். 2022 மே மாதத் தொடக்கத்திலிருந்து முன்பதிவுக்கு நான் வாட்ஸ்அப்பில் ஒரு வரி சேர்த்து அனுப்புகிறேன்: “இந்த வாடகை இன்றைய டீசல் விலையில் பேசியது, பயண நாளில் லிட்டருக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் 15 லிட்டருக்கு உண்டான வித்தியாசம் கூடும் அல்லது குறையும்.” ஸ்டாண்டில் சிரித்தார்கள். ஏறினால் சரி, இறங்கினாலும் என்று ஏன் எழுதுகிறாய், அரசாங்கமே இறங்கும்போது கொடுப்பதில்லை, நீ என்ன பெரிய ஆளா என்று ஒருவர் கேட்டார். ஒருபக்கம் மட்டும் எழுதினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான் என் காரணம், தர்மம் ஒன்றும் இல்லை. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் ஒன்றும் சொல்லாமல் சரி என்றார்கள். ஓரிருவர், எல்லாம் சேர்த்து ஒரே தொகை சொல்லும் வேறு வண்டியைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த இழப்பையும் மறைக்கக் கூடாது.

அந்த வரியை எழுதிய மூன்றாவது வாரமே அது எனக்கு எதிராகத் திரும்பியது. மே 21, சனிக்கிழமை மாலை, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பெட்ரோலுக்கு எட்டு ரூபாயும் டீசலுக்கு ஆறு ரூபாயும் கலால் வரியைக் குறைப்பதாக அறிவித்தார். மறுநாள் சென்னையில் டீசல் 94 ரூபாய் 24 காசு. அன்று என் வண்டியில் ஏறிய பார்ட்டி மே முதல் வாரத்தில் பேசியவர்கள். அவர்கள் செய்தியைப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. இறக்கிவிடும்போது நானாகவே நூறு ரூபாய் குறைத்து வாங்கினேன். 15 லிட்டருக்கு 6 ரூபாய் 70 காசு வீதம் நூறு ரூபாய் ஐம்பது காசு வரும். ஐம்பது காசை விட்டுவிட்டேன். அவர்கள் நன்றி சொன்னார்கள், அதற்குப் பிறகு ஒருமுறையும் அழைக்கவில்லை. அந்த வாரம் முழு டேங்க்கும் பழைய விலையில் போட்டது வேறு. விலை இறங்கும் நாளில் டேங்க் நிறைந்திருப்பதும் ஏறும் நாளில் காலியாக இருப்பதும் என் ஜாதகத்தில் எழுதியிருக்கிறது போலும்.

அதன்பிறகு ஏறத்தாழ 22 மாதங்கள் விலை அப்படியே நின்றது. கச்சா எண்ணெய் நன்றாக இறங்கிய மாதங்களிலும் பங்க் போர்டு மாறவில்லை. அதைக் குறைத்திருக்க வேண்டும் என்று வாதாட நியாயம் இருக்கிறது, நானும் வாதாடியிருக்கிறேன். ஆனால் தொழில் செய்தவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு மிக நிம்மதியாக இருந்தது விலை குறைவாக இருந்த 2016 அல்ல, 94 ரூபாயில் அசையாமல் நின்ற அந்த 22 மாதங்கள்தான். ஜனவரியில் பேசிய வாடகை மார்ச்சிலும் அதே லாபத்தைத் தந்தது. மனைவியின் நோட்டில் கூலி என்ற பத்தியில் ஒரே மாதிரியான எண்கள் வரிசையாக இருந்தன. வாடகையை 4,200 ஆக உயர்த்தி அதையே எல்லோரிடமும் தயக்கமில்லாமல் சொன்னேன். மற்ற வண்டிக்காரர்களும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

2024 மார்ச் 15, வெள்ளிக்கிழமை காலையில் டீசல் 94 ரூபாய் 24 காசிலிருந்து 92 ரூபாய் 34 காசாக இறங்கியது. பெங்களூரிலிருந்து அடுத்த வாரத்துக்குப் பேசியிருந்த ஒருவர் எட்டு மணிக்கே போன் செய்தார். “டீசல் குறைந்துவிட்டதாமே, உங்கள் மெசேஜில் குறைப்பேன் என்று எழுதியிருக்கிறீர்களே, எவ்வளவு குறைப்பீர்கள்?” என்று உற்சாகமாகக் கேட்டார். இரண்டு ரூபாய்க்கு மேல் என்றுதான் எழுதியிருந்தேன், இது ஒரு ரூபாய் தொண்ணூறு காசு. இருந்தாலும் அதைச் சொல்லி வழக்காட மனம் வரவில்லை. பதினைந்தால் பெருக்கிப் பார்த்து, “இருபத்தெட்டு ரூபாய் ஐம்பது காசு, சார்” என்றேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு அவர், வியாழக்கிழமை ஆலங்குடியில் கூட்டம் அதிகமாக இருக்குமா என்று கேட்டார்.